மூட்டு என்ன, சைக்கிள் டயரா?

டாக்டர் பதில்கள்: ஓய்வுபெற்ற அரசு எலும்பு மருத்துவர் ஒருவர் எழுதும் பகுதி

இந்த முறை ஆசிரியர் குழு அனுப்பிய கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் முழங்கால்தான், ஓரிரண்டு விரல் மூட்டு. மீதி இடுப்பு, கழுத்து, குதிகால். அவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். நானும் வலது முழங்கால் தேய்ந்தவன் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 56. சத்துணவுக் கூடத்தில் 24 வருடமாகச் சமையல் வேலை. இரண்டு வருடமாக முட்டி வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “மூணாவது ஸ்டேஜ் தேய்மானம், ஜவ்வு தேஞ்சுபோச்சு, நடையைக் குறைச்சுக்கோங்க” என்றார். அன்றிலிருந்து மருமகள் என்னை எழவே விடுவதில்லை. நடந்தால் இன்னும் தேயுமா? உட்கார்ந்தே இருந்தால் மிச்சம் இருப்பதாவது நிற்குமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

உங்கள் மருமகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. சொல்லிவிட்டு எழுந்து நடங்கள்.

கோளாறு அந்தத் ‘தேய்மானம்’ என்ற வார்த்தையிலேயே இருக்கிறது. நானும் முப்பது வருடம் அதே வார்த்தையைச் சொல்லித்தான் நோயாளிகளை அனுப்பினேன். கேட்டவுடன் சைக்கிள் டயர் ஞாபகம் வருகிறது: ஓட்ட ஓட்டத் தேயும், ஓட்டாமல் நிறுத்தினால் தேயாது. மூட்டு அப்படியில்லை. அது உயிருள்ள பொருள்.

எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பை அறுவைசிகிச்சையின்போது பார்த்தால், முற்றாத இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக, பளபளவென்று இருக்கும். சில மில்லிமீட்டர் கனம்தான். அதன் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். கொலாஜன் என்ற மெல்லிய புரத இழைகள் வலைபோல் பின்னியிருக்க, நடுவே தண்ணீரை இழுத்துப் பிடித்துவைக்கும் மூலக்கூறுகள் இருக்கும். ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் சாப்பாடு எப்படிப் போகிறது? நீங்கள் காலை ஊன்றும்போது, பஞ்சைப் பிழிந்தது போல உள்ளே இருக்கும் நீர் வெளியே வருகிறது. காலைத் தூக்கும்போது மூட்டுத் திரவத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் திரவத்தில்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. ஆக, அசைந்தால்தான் அதற்குச் சோறு. உட்காரவைத்தால் பட்டினி.

பிறகு ஏன் கெடுகிறது? அந்த வலைக்குள் ஆங்காங்கே இருக்கும் செல்கள், பழையதைக் கரைப்பதும் புதியதைக் கட்டுவதுமாக வீட்டு மராமத்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன. வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை, வளைந்த கால், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் என்று ஏதோ ஒன்றோ பலவோ சேரும்போது, கரைக்கும் வேலை கட்டும் வேலையை முந்திவிடுகிறது. குருத்தெலும்பு மெத்தென்று ஊறி, பிளந்து, செதில் செதிலாக உதிர்கிறது. உதிர்ந்த துகள்கள் மூட்டின் உள்ளுறையை உறுத்த, அது வீங்கி நீர் கோக்கிறது. அடியில் இருக்கும் எலும்பு, தாங்க வேண்டிய பாரம் கூடியதால் கெட்டியாகிறது. ஓரங்களில் முள் முள்ளாக வளர்கிறது. “எலும்பு வளர்ந்திருக்கு” என்று எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்வார்களே, அதுதான். உடம்பு தனக்குத் தெரிந்த விதத்தில் மூட்டைச் சரிசெய்யப் பார்த்து, அரைகுறையாக முடித்த வேலை அது.

இன்னொன்று. குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. அது தேய்வதால் நேரடியாக வலிப்பதில்லை. வலி அடியெலும்பிலிருந்தும் உள்ளுறையிலிருந்தும் சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும் வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் காலோடு சபரிமலை ஏறி இறங்குகிறவரும் இருக்கிறார், எக்ஸ்ரேயில் லேசாக இருந்தும் மாடிப்படி ஏற முடியாதவரும் இருக்கிறார். உங்களைப் பயமுறுத்திய அந்த ‘மூணாவது ஸ்டேஜ்’ 1957-இல் இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த எக்ஸ்ரே கணக்கு. பூஜ்யத்தில் தொடங்கி நான்கு வரை. அது படத்துக்குப் போட்ட மார்க். உங்களுக்குப் போட்டதல்ல. புற்றுநோய் ஸ்டேஜோடு அதைக் குழப்பிக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேலைக்கும் இதில் பங்கு உண்டு. குந்தி உட்கார்ந்து காய் நறுக்கி, சோற்றுக் குண்டானைத் தூக்கி இறக்கி 24 வருடம். பெய்ஜிங் நகரத்து வயதான பெண்களை ஆராய்ந்தபோது, அமெரிக்கப் பெண்களைவிட ஒல்லியாக இருந்தும் முழங்கால் தேய்மானம் அவர்களிடம் அதிகமாக இருந்தது. இடுப்பு மூட்டுத் தேய்மானமோ மிகக் குறைவு. முழங்கால் கதைக்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, வெகுநேரம் குந்தி உட்காரும் பழக்கம். ஆகவே குறைக்க வேண்டியது நடையை அல்ல, குந்துவதை. நறுக்கும் வேலையை மேசைக்கு ஏற்றுங்கள். குண்டானை இரண்டு பேராகத் தூக்குங்கள்.

அடுத்தது தொடைத் தசை. முழங்காலுக்கு நிஜமான காவல்காரன் அதுதான். காலடி ஊன்றும் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். வலிக்கிறதே என்று நடக்காமல் இருந்தால் முதலில் சூம்புவதும் அதுதான். அது சூம்பினால் வலி கூடும், கூடினால் இன்னும் நடக்கமாட்டீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். இரண்டு வாரம் கழித்து, அரைக் கிலோ கல்லுப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம். என் வீட்டில் உப்பு தீர்ந்தால் முதலில் என் காலைத்தான் தேடுவார்கள். பிறகு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. நடை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால், செய்தது அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு “செஞ்சு பாத்தேன் டாக்டர், கேக்கல” என்று வராதீர்கள்.

எடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறேன்: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது.

கேள்வி: வயது 49. எலும்புத் தேய்மானம் என்று ஐந்து வருடமாகக் கால்சியமும், மூட்டுச் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். வலி அப்படியே இருக்கிறது. கால்சியம் அளவைக் கூட்டலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

தமிழில் ஒரே பெயரில் இரண்டு நோய்கள் நடமாடுகின்றன. எலும்புக்குள் சுண்ணாம்புச் சத்து குறைந்து, எலும்பே சல்லடையாகிப் பலமிழப்பது ஒன்று. அது பெரும்பாலும் வலிக்காது, கீழே விழுந்து இடுப்பு உடையும்போதுதான் தெரியும். அதற்குக் கால்சியம், வைட்டமின் டி எல்லாம் வேலை உண்டு. மூட்டுத் தேய்மானம் வேறு. அங்கே எலும்பு இளைப்பதற்குப் பதில் கெட்டியாகிறது என்று மேலே சொன்னேன். கால்சியம் குருத்தெலும்பை வளர்க்காது. அளவைக் கூட்டினால் மலச்சிக்கல் வரும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

மூட்டுச் சத்து மாத்திரை என்று நீங்கள் எழுதியிருப்பது குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கலவையாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 1,583 பேரிடம் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வெறும் மாவு மாத்திரையைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. கெடுதலும் பெரிதாக இல்லை, உங்கள் பர்ஸைத் தவிர. அந்தப் பணத்தில் மாதம் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் கல்லூரி மாணவன். நாள் முழுக்க விரலில் சொடக்கு எடுக்கிறான். பிற்காலத்தில் மூட்டு தேயும் என்று திட்டுகிறேன். சரிதானே?
– வாசகி, தூத்துக்குடி

தவறு அம்மா. டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர், தாய் இப்படித் திட்டியதாலேயே அறுபது வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்து, வலது கையைச் சும்மா விட்டுவைத்தார். கடைசியில் இரண்டு கையிலும் மூட்டு நோய் இல்லை. இதற்காக 2009-இல் அவருக்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது. ஒரே ஆள் செய்த சோதனை பெரிய ஆதாரம் ஆகாதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளையைத் திட்ட வேறு காரணம் கிடைக்காமலா போகும்?

கேள்வி: பதினைந்து வருடச் சர்க்கரை, பிரஷர். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தருகிற மாத்திரை செட் போட்டால்தான் அன்றைக்கு வேலை ஓடும். மூன்று வருடமாகத் தினம் ஒன்று. தொந்தரவு ஏதும் இல்லை. தொடரலாமா?
– வாசகர், ஆம்பூர்

தொந்தரவு இல்லை என்று சொல்லாதீர்கள், இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள். இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அது காட்டும்.

அந்த செட்டில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வலியைக் குறைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் வயிற்றில் புண், பிரஷர் ஏற்றம், மாரடைப்பு அபாயம், சிறுநீரகப் பாதிப்பு என்று பின்னால் ஒரு வரிசையே நிற்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப் என்ற மாத்திரையை, மாரடைப்பு அபாயத்தால் 2004-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். உங்களுக்குக் கூடுதல் சிக்கல்: பிரஷருக்கு டெல்மிசார்டான் போன்ற மாத்திரையும், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால், அதோடு இந்த வலி மாத்திரை. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள்.

மாற்று? டைக்ளோஃபினாக் ஜெல். தோலில் தடவினால் ரத்தத்தில் சேர்வது சொற்பம், முழங்கால், கைவிரல் மூட்டுகளுக்கு நன்றாகவே கேட்கும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை தடவ வேண்டும். கண்ணுக்கு மை தீட்டுகிற அளவு தடவிவிட்டுக் குறைசொல்லக் கூடாது. பாராசிட்டமால் அளவோடு போட்டால் ஆபத்து குறைவு, ஆனால் இந்த வலிக்கு அது பெரிதாக உதவுவதில்லை.

செட்டில் பெயர் இல்லாமல் உதிரியாக ஒரு சின்ன மாத்திரை இருந்தால், அது ஸ்டீராய்டாக இருக்கலாம். பொட்டலத்தில் வரும் ‘மூட்டுவலிப் பொடி’ சிலவற்றிலும் இதைக் கலப்பார்கள். இரண்டே நாளில் வலி பறந்து, பசி எடுத்து, சில மாதத்தில் முகம் உருண்டையாகி, சர்க்கரை ஏறினால் சந்தேகப்படுங்கள். அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: மூட்டில் பசை வற்றிவிட்டது, ஜெல் ஊசி போட்டால் சரியாகும் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசிதான் நல்லது என்று இன்னொரு இடத்தில். மூன்றாவது இடத்தில் துளை போட்டுக் கழுவிவிடலாம் என்கிறார்கள். எது சரி?
– வாசகர், மதுரை

மூன்று இடத்துக்கும் போய்வந்த உங்கள் முழங்காலைப் பாராட்டுகிறேன்.

கழுவும் கதையிலிருந்து தொடங்குவோம். 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டைக் கழுவினார்கள், ஒரு பிரிவுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், மூன்றாம் பிரிவுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் பார்த்தும் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அந்த முடிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை நான் எத்தனை முழங்கால்களைக் கழுவியிருப்பேன்! இப்போது வெறும் தேய்மானத்துக்கு அதைச் செய்ய வேண்டியதில்லை.

ஜெல் ஊசி: பசை வற்றியதால் தேய்மானம் வரவில்லை, தேய்மானத்தால் திரவத்தின் தரம் கெடுகிறது. ஊசி போட்டால் சிலருக்குச் சில மாதம் ஆறுதல். சராசரியாகப் பார்த்தால் பலன் மிகச் சிறிது. பி.ஆர்.பி.: ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்து 2021-இல் சொன்னது, உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. ‘குருத்தெலும்பு மறுபடி வளரும்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஊசி ஒன்று உண்டு, ஸ்டீராய்டு. நீர் கோத்து வீங்கி, மகள் கல்யாணம் அடுத்த வாரம் என்கிற நிலையில் நானே போட்டிருக்கிறேன். சில வாரம் நிம்மதி தரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்ததில் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்ததாக 2017-இல் ஒரு ஆய்வு காட்டியது. எனவே வழக்கமாக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும்.

கேள்வி: விரல் நுனி மூட்டுகளில் பட்டாணி மாதிரி கட்டி. அம்மாவுக்கும் இருந்தது. முடக்குவாதமோ என்று பயம்.
– வாசகி, கும்பகோணம்

நகத்தை ஒட்டிய மூட்டில், அம்மாவுக்கும் இருந்தது என்றால், பெரும்பாலும் தேய்மானக் கட்டிதான். ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெயரில் அழைப்பார்கள். முடக்குவாதம் பொதுவாக அந்த நுனி மூட்டை விட்டுவிட்டு, விரல் அடியிலும் மணிக்கட்டிலும் பிடிக்கும். இன்னொரு அடையாளம்: காலையில் எழுந்ததும் விரல் மடங்காத விறைப்பு அரை மணிக்குள் விட்டுப்போனால் தேய்மானம், ஒரு மணி நேரம் தாண்டினால் முடக்குவாதம் இருக்கலாம். அப்படியென்றால் தாமதிக்காமல் வாதநோய் நிபுணரைப் பாருங்கள், அதற்கு மருந்தே வேறு.

கேள்வி: அம்மாவுக்கு 68. மூட்டு மாற்று அறுவைசிகிச்சைதான் வழி என்கிறார்கள். எவ்வளவு காலம் வரும்? செலவு? கோலம் போட, தரையில் உட்கார முடியுமா? ரோபோ மூலம் செய்தால் நல்லதா?
– வாசகர், காரைக்குடி

செய்யலாமா என்பதை எக்ஸ்ரேயிடம் கேட்காதீர்கள், அம்மாவிடம் கேளுங்கள். ராத்திரி வலியில் விழிக்கிறாரா? வாசல்வரைகூட நடக்க முடியவில்லையா? மேலே சொன்ன பயிற்சியை ஒழுங்காக மூன்று மாதம் செய்தும் இந்த நிலைதானா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் தயங்க வேண்டாம்.

2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது, அடுத்த ஜூனில் வலது. அதுவரை இந்தச் சிகிச்சையின் பெயரைச் சொன்னாலே எழுந்து ஓடியவர்கள், “வாஜ்பாய்க்குப் பண்ணாங்களே, அது” என்று கேட்டுக்கொண்டு என் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். அவருக்குச் செய்தவர் சித்தரஞ்சன் ரனாவத், நியூயார்க்கில் பணியாற்றிய இந்தியர். 1974-இல் இன்றைய செயற்கை முழங்கால்களுக்கெல்லாம் முன்னோடியான மூட்டை இன்சால் என்பவரோடு சேர்ந்து வடிவமைத்தவர்களில் ஒருவர்.

காலைக் ‘கழற்றி மாட்டுவது’ இல்லை. கெட்டுப்போன எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டு உலோகத் தொப்பி போட்டு, நடுவில் பிளாஸ்டிக் தட்டு வைப்பார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவிடுவார்கள். முதல் ஆறு வாரம் கஷ்டம்தான், முழங்காலை மடக்கும் பயிற்சியில் அம்மா உங்களைச் சபிப்பார், காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். 25 வருடத்துக்குப் பின்னும் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்ட மூட்டுகள் நிலைத்திருப்பதாக 2019-இல் பல நாட்டுப் பதிவுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அதேசமயம் ஐந்தில் ஒருவர் ‘எதிர்பார்த்த அளவு இல்லை’ என்கிறார். இதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொத்தைப் பல், காலில் புண், சிறுநீர்க் கிருமி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே தேதி வாங்குங்கள். புது மூட்டில் கிருமி புகுந்தால் படும் பாடு பெரும்பாடு.

செலவு: 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு விலை வரம்பு விதித்தது. அதிகம் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவை மூட்டுக்கு அன்று 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இது மூட்டின் விலை மட்டும். அறை, மயக்க மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் தனி. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே போய் விசாரியுங்கள், வரிசை இருக்கும், காத்திருந்தால் நஷ்டமில்லை.

தரையில் சம்மணம், குந்துதல், இந்தியக் கழிப்பறை மூன்றையும் மறந்துவிடச் சொல்லுங்கள். கோலத்தை ஸ்டூலில் உட்கார்ந்தோ, நின்றபடி குனிந்தோ போடலாம். ரோபோ தானாக எதையும் செய்யாது, மருத்துவரின் கையை அளவு தப்பாமல் நடத்தும், அவ்வளவே. வருடக்கணக்கில் பார்த்தால் நோயாளிக்குப் பெரிய வித்தியாசம் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. கையில் காசிருந்தால் உங்கள் விருப்பம். நகையை அடகு வைத்து வேண்டாம்.

கேள்வி: முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், தைலம்?
– வாசகி, சேலம்

தோசையும் துவையலும் ருசியாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள். குருத்தெலும்பை வளர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தசைக்கு இதம். மூட்டு சூடாக, சிவந்து, காய்ச்சலோடு வீங்கியிருந்தால் தைலமும் வேண்டாம், மறுநாள்வரை காத்திருக்கவும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

கேள்வி: ஒரு சந்தேகம். நீங்களே எலும்பு டாக்டர், உங்களுக்கு எப்படி மூட்டுத் தேய்மானம் வந்தது?
– வாசகர், நாகர்கோவில்

நாலு இதழாக இந்தக் கேள்வியை ஒதுக்கிக்கொண்டே வந்தேன். 1978-இல் மாணவனாக இருந்தபோது கால்பந்து விளையாடி முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அது குருத்தெலும்பு அல்ல, இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் பிறைவடிவ மெத்தை. நாம் இரண்டையும் ‘ஜவ்வு’ என்றே சொல்லிக் குழம்புகிறோம். கிழிந்தால் முழுதாக எடுத்துவிடுவதுதான் அப்போதைய வழக்கம். மெத்தையை எடுத்த மூட்டு பின்னால் தேய்கிறது என்று ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேயர் 1948-லேயே எழுதிவைத்திருந்தார். எழுதியது எங்கள் அறுவை அறைவரை வந்துசேர முப்பது வருடம் போதவில்லை. ஐம்பதாவது வயதில் வலி தொடங்கியது. இன்றைக்கு ஜவ்வைத் தைக்க முடிந்தால் தைக்கிறார்கள், முடியாவிட்டால் கிழிந்த ஓரத்தை மட்டும் நறுக்குகிறார்கள். விளையாடுகிற பிள்ளைகளின் முட்டி வீங்கினால் ‘சுளுக்கு’ என்று வழித்துவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறார். வலது முட்டி வலி. ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார், எந்தக் கையில் பிடிப்பது?
– வாசகி, அறந்தாங்கி

இடது கையில். வலிக்கும் காலுக்கு எதிர்க் கை. சினிமாவில் எல்லோரும் தப்பாகப் பிடிக்கிறார்கள், அதைப் பார்த்துப் பழகாதீர்கள். வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்கட்டும். படி ஏறும்போது முதலில் இடது கால், இறங்கும்போது முதலில் வலது காலும் தடியும். அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் வழவழப்பானால் மருந்துக்கடையில் கேட்டு உடனே மாற்றுங்கள். அது நிஜமாகவே தேய்கிற பொருள்.